கப்பல் ஏறியவரின் ஊர்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் கையில் மணி இருக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் இங்கே பி.ஏ. வரலாறு படித்து 1977இல் வெளியே போனவன். பிறகு வருவாய்த்துறையில் முப்பத்தைந்து வருஷம். ஓய்வு பெற்று ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறேன். 2022இல் ஒரு நாள் போன் வந்தது. ஹாலில் எனக்குப் பக்கத்து ரூம்காரன், இப்போது டர்பனில் டாக்டர். "டேய், இங்க ஒருத்தர் பூர்வீக ஊரைத் தேடறார். பேப்பர்ல செங்கல்பட்டுன்னு இருக்கு. நீதான் தாலுகா ஆபீஸ்ல இருந்தவனாச்சே, கொஞ்சம் பாரேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது.

மாணவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலிகள். 1911இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நம்ம சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் டர்பனில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

நம் நண்பரின் கொள்ளுத்தாத்தா 1889இல் கப்பல் ஏறியபோது வயது 19. அவர் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். ஜில்லா: செங்கல்பட்டு. கிராமம்: மாடம்பாக்கம். தாலுகா கட்டம் காலி! கேட்டதும் எனக்குச் சிரிப்பு. என் வீட்டிலிருந்து மாடம்பாக்கம் ஷேர் ஆட்டோ தூரம். தேனுபுரீஸ்வரர் கோவில் உள்ள ஊர். "வாங்க, நடந்தே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. கூடுவாஞ்சேரி பக்கத்தில் இன்னொரு மாடம்பாக்கம் இருக்கிறதே!

போதாததற்கு, எழுதியவர் காதால் கேட்டதை இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். 'மாடம்' என்றும் படிக்கலாம், 'மாதம்' என்றும் படிக்கலாம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2019இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. போலந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் தேடும்போது, காகிதத்தில் ரஷ்யா, ஆஸ்திரியா என்று இருக்கும். 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லையே! நாட்டின் பெயர் மாறினாலும் கிராமத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

ஒரு வருஷம் வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டோம். முதலில் அவர் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். தமிழ் போய்விட்டது. ஆனால் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது போகவில்லை. அங்கே அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கஞ்சிப் பிரார்த்தனை என்று அர்த்தம். அவருடைய ஆயா சாகும்போது, "என்னைக்காவது ஊருக்குப் போனா ஒரு குடம் கூழ் ஊத்துடா" என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஆடியிலேயே வரச் சொன்னேன். ஊர்க்காரர்கள் எங்கே வேலைக்குப் போனாலும், கூழ் வார்க்கிற அன்றைக்கு ஊரில் இருப்பார்கள் அல்லவா?

அடுத்து என் பங்கு. பழைய நில ஆவணங்களைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் என் தலையில் குட்டு விழுந்தது. பட்டா, அ-பதிவேடு என்று முப்பத்தைந்து வருஷம் புரட்டியவன் நான். அவற்றில் நிலம் உள்ளவன் பெயர்தான் இருக்கும். கூலிக்குப் போனவன் பெயர் எப்படி இருக்கும்? ஊரில் இருந்தவரை அவர் பெயரை எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடமில்லை. ஊரைவிட்டுப் போகும்போதுதான் சர்க்கார் அவர் பெயரை எழுதிக்கொண்டது. வாய்மொழியாக ஊர்க் குடும்பங்களை அறிந்திருந்த பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளும் 1980இல் போய்விட்டன.

பட்டியலில் ஜாதிக் கட்டம் காலியாக இல்லை. அதைப் பார்த்ததும், நாங்கள் தேட வேண்டியது ஊரில் அல்ல, காலனியில் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னதும் அவர், "அதனால என்ன சார், அங்கதானே போகணும்?" என்று கேட்டார். தவித்தது நான்தான், அவர் இல்லை.

2023 ஆடியில் வந்தார். முதல் ஞாயிறு இந்த மாடம்பாக்கம், அடுத்த ஞாயிறு அந்த மாடம்பாக்கம். முதல் ஊரில் எல்லோரும் காப்பி கொடுத்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது ஊரில் ஒரு பாட்டி, "எங்க மாமனாரோட பெரியப்பா ஒருத்தரு கப்பல்ல போயி திரும்பலைன்னு சொல்லுவாங்க" என்றார். எந்தக் கப்பல், எந்த நாடு? ரங்கூனா, பினாங்கா, நேட்டாலா? பாட்டிக்குத் தெரியாது. அந்த நாளில் கப்பல் ஏறாத குடும்பம் ஏது?

நான் நண்பரைப் பார்த்தேன். முகம் வாடிவிடுமோ என்று பயம். அவர் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு குடம் அங்கேயும் ஊத்தியாச்சு, ஒரு குடம் இங்கேயும் ஊத்திடுவோம். ஆயா கோவிச்சுக்க மாட்டாங்க" என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னார். பாட்டிதான் முதல் சொம்பை வாங்கிக் குடித்தார்.

திரும்பி வரும்போது காரில் சாதாரணமாகக் கேட்டார்: "சார், உங்க கொள்ளுத்தாத்தா பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அறுபத்தேழு வயதில், பிறந்த மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, தெரியவில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் பிறந்தவருக்கு அவருடைய கொள்ளுத்தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், வயது எல்லாம் மனப்பாடம். எனக்குத் தாத்தாவோடு கதை முடிந்துவிடுகிறது. கொள்ளுப்பாட்டி எந்த ஊர்ப் பெண் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் உயிரோடு இல்லை.

தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். பிறந்தது ஜோஹன்னஸ்பர்க், 1914இல் பதினாறு வயதில் இறந்ததும் அங்கேதான். ஆனாலும் தாயாரின் ஊர் அந்தப் பெண்ணின் பெயரோடு நின்றுவிட்டது. 1915இல் காந்தியடிகளே அந்த ஊரைத் தேடி வந்தார். கடல் தாண்டினவர்கள் ஊரைப் பெயராக்கி வைத்துக்கொண்டார்கள். இங்கேயே இருக்கிற நாம்தான் மறந்துவிட்டோம்.

தமிழக அரசு 2023இல் அயலகத் தமிழ் இளைஞர்களுக்காக 'வேர்களைத் தேடி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். அப்படி வருகிறவர்கள் உங்களிடமும் வழி கேட்பார்கள். இதே ஊரில் எத்தனை மாடம்பாக்கம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கிடைத்துவிடும் என்று என்னைப் போல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். குலதெய்வம் எங்கே, உங்க அம்மா பிறந்த ஊர் எது, யார் யார் ஊரைவிட்டுப் போனாங்க என்று கேட்டு எழுதுங்கள். நெட்டில் தேடினால் கிடைக்காது. அவர்கள் போய்விட்டால் பிறகு எந்த தாலுகா ஆபீஸிலும் கிடைக்காது. அந்த ஆபீஸில் இருந்தவன் சொல்கிறேன்.

டர்பன் நண்பர் வருகிற ஆடிக்கு மகளையும் அழைத்து வருகிறார். அந்தப் பாட்டிக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாராம். உறவுதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. இனி ஆகவும் ஆகாது. மணி அடித்துவிட்டது.