எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

திருமானூர் கொள்ளிடப் பாலத்தில் தஞ்சாவூருக்கும் அரியலூருக்கும் வண்டிகள் ஓயாமல் போய்வருகின்றன. லாரிக்கு ஒதுங்குகிற பைக் மண்ணில் சறுக்கினால், விழுகிறவர் முதலில் ஊன்றுவது கையைத்தான். வரப்பில் வழுக்கினாலும் அப்படித்தான். உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது.

எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "எலும்பு முறியலை, சுளுக்குதான்" என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எண்ணெய் போட்டு உருவி, கட்டும் போட்டாயிற்று. வீக்கம் வடிகிறது, வலி மட்டும் போகவில்லை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. கையை ஊன்றி எழுந்தால் மணிக்கட்டின் மேல்புறம் நடுவில் சுரீர் என்கிறது.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். அவற்றைப் பிணைத்திருப்பது ஜவ்வு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு அறுந்திருந்தால், முஷ்டியை இறுக்கிப் பிடித்து எடுக்கும் படத்தில் அவை விலகி நிற்பது தெரியவரலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி என்றால் சந்தேகம் வலுக்கும். நல்ல கையையும் எடுத்து ஒப்பிடுவார்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. கட்டைவிரலைத் தூக்கினால் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? ஸ்கேஃபாய்டில் விரிசல் இருக்கலாம். அது முதல் நாள் படத்தில் சிக்காமல், 10 முதல் 14 நாள் கழித்துத் தெரிவதுண்டு.

ஜவ்வு பாதி கிழிந்திருந்தால் சில வாரம் மாவுக்கட்டு போதலாம். முழுக்க அறுந்திருந்தால் அறுவை சிகிச்சை: ஜவ்வைத் தைத்து, எலும்புகள் நகராதபடி மெல்லிய கம்பிகளைச் சுமார் இரண்டு மாதம் வைத்திருப்பார்கள். பிறகு பிசியோதெரபி. இதெல்லாம் முதல் சில வாரங்களில் செய்தால்தான் நன்றாகக் கூடும். மாதக்கணக்கில் விட்டால் நுனிகள் சுருங்கிவிடும். வேறிடத்துத் தசைநாரை எடுத்துப் பொருத்த வேண்டிவரும். வருடக்கணக்கில் விட்டால் மூட்டே தேயும். மண்வெட்டி பிடித்துப் பிழைக்கிறவருக்கு அது எத்தனை பெரிய இழப்பு!

விழுந்ததும் மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இடம் பெயர்ந்த எலும்பு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அந்தக் கையை யாரும் உருவக் கூடாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்த ஓட்டம் நின்றால் விரல்களே போய்விடும்.

அரியலூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர். கைக்கென்றே தனிப் பிரிவை டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் உண்டு. முதலில் எடுத்த படத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். விழுந்த தேதியையும், கை எப்படி ஊன்றியது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.