வேலை கொடுத்தவர் பெயரை மறைக்கலாமா?

(அம்மையார்குப்பத்தில் வேலை தேடும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



முன்பு வேலை பார்த்த இடத்தின் பெயரை பயோடேட்டாவில் எழுதாமல் விடலாமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். விடலாம். ‘சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம், களப்பணியாளர், இரண்டு ஆண்டுகள்’ என்று எழுதினால் போதும். வேறு வேலை தேடுவது இப்போதைய முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று ஐடி ஊழியர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பதவியையும் காலத்தையும் மாற்றி எழுதாதீர்கள். பின்னால் சரிபார்ப்பார்கள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலேயே பழைய நிறுவனங்களின் பெயர் இருக்கும். மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு.

நம் பிள்ளைகள் மறைக்க நினைப்பதற்குக் காரணம் வேறு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் வெறும் பெயரைப் பார்த்துச் சாதி கண்டுபிடிப்பது கடினம். எனவே வேறு இடங்களில் துழாவுகிறார்கள்: எந்தத் தெரு, எந்த விடுதி, எங்கே வேலை பார்த்தாய்? ‘ஆதிதிராவிடர் நலப் பள்ளி’ என்ற ஒரு வரி போதும், அவர்களுக்கு விடை கிடைத்துவிடும். பள்ளிப் பெயர்களிலிருந்து இத்தகைய அடையாளங்களை நீக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது.

இது வீண் பயமல்ல. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு 2007இல் வெளிவந்தது. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் பெயரை மறைத்தது யாரையும் ஏமாற்ற அல்ல, தலைசாய்க்க ஓர் இடத்துக்காக.

2020இல் கலிபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாடு வழக்குத் தொடர்ந்தது. வழக்கில் பாதிக்கப்பட்டவர் ‘ஜான் டோ’ என்ற புனைபெயரில் இருந்தார். நிறுவனத்தின் பெயர் வெளிப்படையாக இருந்தது. ரகசியம் யாரைக் காக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்த ஊரிலோ நிலைமை தலைகீழ். நூல் கொடுப்பவர் ஒருவர், துணி வாங்குபவர் ஒருவர், நடுவில் தறி ஓட்டுகிறவருக்கு நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. இருபது வருடம் உழைத்தவர், ‘எங்கே வேலை பார்த்தீர்கள்’ என்ற கேள்விக்கு எந்தப் பெயரை எழுதுவார்? விபத்து நடந்தால் யார் பெயரில் நட்டஈடு கேட்பார்? இங்கே தொழிலாளி முதலாளியின் பெயரை மறைக்கவில்லை, முதலாளியே மறைந்துகொள்கிறார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. வேலை கொடுத்தவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்பதை உழைத்தவரே முடிவு செய்ய வேண்டும். பயோடேட்டாவைத் திருத்துவது உங்களால் இன்றிரவே முடியும். அடுத்த கூலி வாங்கும்போது ரசீது கேட்பதற்கு நான்கு பேர் சேர்ந்து போக வேண்டும். சேர்ந்து போங்கள்.

ஜெய் பீம்.