அறுந்து மாறின அட்டை: குரோமோசோமும் ரத்தப் புற்றுநோயும்

இந்த எபிசோடுல ஒரு பட்டுப் புடவையில ஆரம்பிச்சு ரத்தப் புற்றுநோய்க்குப் போகப் போறோம். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம் பக்கம் போனீங்கன்னா, தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டியைப் பார்க்கலாம். ஓட்டை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருப்பாங்க. எந்த இடத்துல ஓட்டை இருக்குங்கிறதை வச்சுதான் பாவு நூல் மேல எழும்பும். பார்டர்ல மயில் வரணுமா, யாளி வரணுமாங்கிறது அந்த அட்டையிலேயே முடிவாயிடுது.

நம்ம செல்லுக்குள்ளயும் இப்படி 46 அட்டை மாலைகள் இருக்கு. அதுதான் குரோமோசோம். இப்போ ரெண்டு மாலை அறுந்துபோய், திரும்பக் கட்டும்போது இதோட வால் அதுலயும், அதோட வால் இதுலயும் மாறிடுச்சுன்னு வைங்க. ஒரு அட்டைகூடத் தொலையலை. ஆனா ஒட்டுன இடத்துல, பாதி மயிலும் பாதி யாளியுமா, யாருமே வரையாத ஒரு உருவம் வரும். இதுக்கு டிரான்ஸ்லொகேஷன்னு பேர். அக்யூட் லுகேமியா வர்ற பல பேரோட எலும்பு மஜ்ஜையில நடக்கிறது இதுதான்.

1970கள்ல சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரவ்லிங்கிற மருத்துவர், குரோமோசோம் படங்களைக் கத்திரிச்சு வீட்டு சாப்பாட்டு மேஜையில அடுக்கி வச்சுப் பார்ப்பாங்க. அப்படித்தான் ஒரு குறிப்பிட்ட லுகேமியாவுல 15-ம் எண்ணும் 17-ம் எண்ணும் துண்டு மாத்திக்குதுன்னு 1977-ல சொன்னாங்க. அந்த நோய்க்கு அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா, சுருக்கமா ஏ.பி.எல்.னு பேர். ரெண்டு ஜீன் ஒட்டி உருவாகுற ஒரு புரதம், வெள்ளை அணுவை வளரவிடாம பாதியிலேயே நிறுத்திடும். ரத்தம் உறையுறதும் கெட்டுப்போகும். சிகிச்சை தொடங்கறதுக்குள்ள ரத்தக்கசிவுல ஆள் போயிடலாம். ஒரு காலத்துல மருத்துவர்களே பயந்த நோய் இது.

இப்போ நம்ம ஊர் கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்துல இருந்து சுமார் 70 கிலோமீட்டர்ல வேலூர். இந்த நோய்க்கு அப்போ உலகம் முழுக்கக் கொடுத்த சிகிச்சை, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையும் கீமோதெரபியும். நம்ம ஊர்ல நிறைய குடும்பங்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998-ல இருந்து, புதுசா வந்த ஏ.பி.எல். நோயாளிகளுக்கு ஆர்செனிக் டிரையாக்ஸைடை மட்டும் முதல் மருந்தா கொடுத்துப் பார்த்தாங்க. ஆமாம், நம்ம பாட்டிமார் வெள்ளைப் பாஷாணம்னு சொல்ற அதே விஷம்தான். அது இந்த நோய்க்கு வேலை செய்யும்னு முதல்ல காட்டினது சீனாவோட ஹார்பின் நகரம். அந்த ஒட்டுப்போட்ட புரதத்தையே இது சிதைச்சுடுது. 2004 வரைக்கும் சேர்ந்த 72 பேரோட கணக்கை 2006-ல வெளியிட்டாங்க. சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிடுச்சு. காசு இல்லைங்கிற நெருக்கடியில தொடங்கின சிகிச்சை, உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வா ஆச்சு. இன்னிக்கு ஏ.டி.ஆர்.ஏ.வும் ஆர்செனிக்கும் சேர்த்துக் கொடுக்கிறது பல நாடுகள்ல வழக்கமான சிகிச்சை. ஒரு எச்சரிக்கை: இது அளவு பார்த்து, இதயத்துடிப்பைக் கண்காணிச்சு, மருத்துவமனையில ஊசி வழியா ஏத்துறது. நாட்டு மருந்துக் கடையில வாங்கிச் சாப்பிடுற சமாச்சாரம் இல்லை.

எல்லா மாற்றமும் இப்படி நல்ல செய்தி கிடையாது. 8-ம் 21-ம் மாறினா கீமோவுக்கு நல்லா கட்டுப்படும். 9-ம் 22-ம் மாறினா முன்னாடி ரொம்ப மோசம். இமாட்டினிப் மாதிரி மாத்திரைகள் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கு. அதனாலதான் மஜ்ஜையை எடுத்து குரோமோசோம் பரிசோதனை பண்றாங்க. வெறும் "ரத்தப் புற்றுநோய்"னு சொன்னா போதாது, எந்த அட்டை அறுந்திருக்குன்னு தெரியணும்.

கடைசியா, இந்த எபிசோடை நான் பண்ணதுக்கு உண்மையான காரணம். குரோமோசோம்னு ஒரு வார்த்தை ரிப்போர்ட்ல வந்தவுடனே வீட்டுல கேள்வி ஆரம்பிச்சுடுது. "யார் வழியில வந்துச்சு? அம்மா வழியா, அப்பா வழியா? தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகுமா?" தயவுசெஞ்சு கேட்டுக்கோங்க. இந்த மாற்றங்கள்ல பெரும்பாலானவை பிறவியில வந்தது இல்லை. வளர்ந்த உடம்புல ஏதோ ஒரு மஜ்ஜை செல்லுல நடந்த விபத்து. ஒரு தறியில அட்டை அறுந்தா பக்கத்து வீட்டுத் தறியில மயில் மாறிடாது. பரம்பரையா ஆபத்து வர்ற குடும்பங்கள் உண்டு, ஆனா கொஞ்சம்தான். அதை மருத்துவர் தனியா சொல்லுவார். தாயைக் குற்றவாளி ஆக்காதீங்க. ரிப்போர்ட்டை ஒளிச்சு வைக்காதீங்க.

விடாத காய்ச்சல், காரணமில்லாத கன்னிப்போன தழும்பு, ஈறுல ரத்தம், படியேறினா மூச்சு வாங்குறது, இதெல்லாம் சேர்ந்து வந்தா அன்னிக்கே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. ஏ.பி.எல். சந்தேகம் இருந்தா, மருத்துவர்கள் குரோமோசோம் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே மாத்திரையை ஆரம்பிச்சுடுவாங்க. அந்த அளவுக்கு நேரம் முக்கியம்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.