கடல் விலகிய கொற்கை



விடுமுறை வந்துவிட்டால் வெளியூர் காணவேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் எழுகிறது. பொருள் வசதி படைத்தவர்கள் கடல் கடந்தும் செல்கிறார்கள். கிரேக்க நாட்டிலும், ஒரு காலத்தில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த ஆசியக் கரையிலும் உள்ள பழைய கடற்கரை நகரங்களைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் மக்கள் திரள்கிறார்கள். சலவைக்கல் தூண்களையும் திறந்தவெளி அரங்கங்களையும் பகலில் கண்டு, மாலையில் கடற்காற்று வாங்கி, மனம் நிறைந்து திரும்புகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அவ்வளவு தொலைவில் இல்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு பகற்பொழுதும் இருந்தால் போதும். அந்தக் கிரேக்கர்களே பெயர் அறிந்து தம் நூல்களில் குறித்து வைத்த கடற்கரை நகரம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுதான் கொற்கை.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் வாழ்ந்த கிரேக்க வணிகன் ஒருவன், நம் கடல்களில் கப்பலோட்டுவோருக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினான். பெரிப்ளூஸ் என்று அதனைச் சொல்வார்கள். எழுதியவன் பெயர் கிடைக்கவில்லை, நூல் கிடைத்திருக்கிறது. குமரியைக் கடந்தபின் பாண்டிய நாட்டைச் சேர்ந்த கொல்கோய் என்ற ஊர் வருகிறது என்றும், அங்கே முத்துக்குளிப்பு நடைபெறுகிறது என்றும் அவன் எழுதுகிறான். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்ற நிலநூல் ஆசிரியரும் இவ்வூரை வாணிபத் துறை என்று குறிக்கிறார். கொல்கோய் என்பது கொற்கையே என்பதைக் கால்டுவெல் ஐயர் தாம் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்துக் காட்டினார்.

இனிப் பயணத்தைத் தொடங்குவோம். தூத்துக்குடியிலிருந்தே புறப்படலாம். அங்கே காண வேண்டியவை பல உண்டு. 1713-இல் எழுந்த பனிமய மாதா கோயில் இருக்கிறது. 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட பழைய துறைமுகம் இருக்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று அப்பெருமகனார் பெயரையே தாங்கி நிற்கும் புதிய துறைமுகமும் இருக்கிறது. முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மக்ரூனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். இருபுறமும் உப்பளங்கள் வெயிலில் வெள்ளை வெளேரென்று மின்னும். சிறிது தொலைவில் பழையகாயல் என்ற சிற்றூர் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. ஆர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் இங்கே நின்றன. இன்று நிற்பவை பேருந்துகளே! அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் நடுவே கொற்கைக்கு இட்டுச் செல்லும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் முதன்முதலாக அங்கே போனேன். சங்கப் பாடல்களில் கொற்கை முத்தின் புகழைப் படித்திருந்தேன். கோவலன் கொலையுண்டபின் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழா எடுத்தான் என்ற செய்தியைச் சிலப்பதிகாரத்தில் பாடமாகக் கற்றிருந்தேன். ஆகவே, மதில்களும் மாளிகைகளும் இடிந்த நிலையிலேனும் நிற்கும், அவற்றின் அடியில் அலை வந்து மோதும் என்று எண்ணிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ஒரு குளம், பனைமரங்கள், சிறு கோயில், வயலில் குனிந்து வேலை செய்யும் மக்கள். கடலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. கடற்கரை கிழக்கே சுமார் 6, 7 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது. எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

ஓரிடத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, என்னத்தைத் தேடுதிய?” என்று கேட்டார்.

“பழைய துறைமுகம் எங்கே இருந்தது, ஐயா?” என்றேன்.

அவர் சிரித்தார். “அது மேலதான் நிக்கிய, தம்பி” என்றார்.

பிறகு அந்த மண்குவியலைக் காலால் கிளறிக் காட்டினார். உள்ளே சிப்பிகளும் சங்கின் உடைந்த துண்டுகளும் கிடந்தன. வயலுக்கு நடுவே, கிணற்று மண்ணில், கடல் கிடந்தது. அந்தக் கணத்தில் எனக்குக் கிடைத்த கல்வியை எந்த வகுப்பிலும் நான் பெற்றதில்லை.

கடல் எங்கே போயிற்று? தாமிரபரணி மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வருகிறது. கழிமுகத்தில் வேகம் குறைந்ததும் அதைப் போட்டுவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த வண்டல் கரையை முன்னே தள்ளியது, கடல் பின்வாங்கியது. கப்பல் நிற்க ஆழம் போனபின் வணிகர்கள் நிற்பார்களா? கொற்கையை விட்டுக் காயலுக்குச் சென்றார்கள். காயலும் தூர்ந்தது. பின்னர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள புன்னைக்காயல் தலையெடுத்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் அண்டிரிக் அடிகளார் அங்கே தங்கிப் பணியாற்றித் தமிழ் எழுத்துக்களை அச்சேற்றினார். இறுதியில் ஆற்றின் வண்டல் எட்டாத வடக்கே, தூத்துக்குடி பெருநகரமாயிற்று. நெல்லும் வாழையும் தந்து நம்மை வளர்க்கும் அதே ஆறுதான் துறைமுகத்தை ஊர் ஊராகத் துரத்தியது என்று சொல்லலாம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. கிரேக்கரை நம் முன்னோர் யவனர் என்று அழைத்தார்கள். அச்சொல் அயோனியா என்ற நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். அயோனியாவின் பெருந்துறைமுகங்கள் மிலீட்டஸும் எபிசஸும். தேலீஸ் என்ற தத்துவஞானி பிறந்தது மிலீட்டஸில். இவ்விரு நகரங்களும் இன்று துருக்கி நாட்டில் இருக்கின்றன. அவற்றைக் காணச் செல்கிறவர்களும் கடலைத் தேடி ஏமாறுகிறார்கள்! அங்கேயும் ஆறுகள் வண்டல் கொட்டித் துறைமுகங்களைத் தூர்த்துவிட்டன. கடல் பல கிலோமீட்டர் விலகிப்போயிற்று. ஆக, யவனர் நகரமும் பாண்டியர் நகரமும் ஒரே விதமான முடிவை அடைந்திருக்கின்றன. வேற்றுமை ஒன்றுதான். அவர்கள் சலவைக்கல்லில் கட்டினார்கள், அது நிற்கிறது. நம்மவர் பெரும்பாலும் மண்ணாலும் மரத்தாலும் செங்கல்லாலும் கட்டினார்கள். அது மண்ணோடு கலந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

கொற்கைக்கு உலகப் புகழ் தந்தது முத்து. கடலடியில் சிப்பிகள் செறிந்து வாழும் இடங்களைப் ‘பார்’ என்பார்கள். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி விரைந்து மூழ்குவார். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். மூச்சை அடக்கியபடி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள், கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொள்வார். கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் இழுத்து மேலேற்றுவார். குளிப்பவரின் உயிர் கயிறு பிடிப்பவர் கையில். சுறா அணுகாதிருக்க மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ என்பவரையும் அக்காலத்தில் உடன் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான சிப்பிகளை அழுகவைத்துக் கழுவினாலும் நல்ல முத்து சிலவே தேறும். ரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பி அணிந்தது இத்தகைய முத்தைத்தான். இந்தியாவும் சீனமும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுதோறும் தம் பேரரசின் பொருள் 10 கோடி செஸ்டர்ஸைக் கவர்ந்துகொள்கின்றன என்று பிளினி வருந்தி எழுதினார்.

பெரிப்ளூஸ் ஆசிரியர், முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறார். மதுரைக்காஞ்சியோ கொற்கையின் முத்தையும் சங்கு வளையையும் அவ்வூர் மக்களின் குடியிருப்புகளையும் பெருமையோடு பாடுகிறது. அயலான் கேட்டு எழுதியதையும் உள்ளூர்ப் புலவர் பாடியதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தவனுக்குச் சரித்திரம் பாதிதான் கிடைக்கும்.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது அறிவின் வெற்றி. ஆனால் கரையில் கூடாரங்கள் நிறைந்து, தோணிகள் பாய் விரித்துப் புறப்பட்ட அந்தக் காட்சியை இனி நினைவில்தான் காணவேண்டும்.

நண்பர்களே, இங்கே ஒரு தவற்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கிணற்று மண்ணிலிருந்து, வட்டமாக அறுக்கப்பட்ட சங்கு வளைத் துண்டு ஒன்றை நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதியவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. நெடுநாள் அதை மேசைமேல் வைத்து நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். பல ஆண்டுகள் கழித்து, அகழ்வாய்வில் தேர்ந்த ஒருவரிடம் அதனைக் கொடுத்தேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எந்த இடத்தில் கிடைத்தது? எத்தனை அடி ஆழத்தில்? உடன் வேறு என்ன கிடந்தது? ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. “அப்படியானால் இது வெறும் சங்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் பேசக் காத்திருந்த ஒரு பொருளை, என் கையால் ஊமையாக்கிவிட்டேன்.

அவர் கேட்ட கேள்விகளின் மதிப்பு என்ன தெரியுமா? 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் கொற்கையில் முறையாக அகழ்ந்தார்கள். கறுப்பு சிவப்பு மட்கலங்களும், எழுத்துப் பொறித்த ஓடுகளும், அறுத்த சங்குகளும் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றை அறிவியல் முறையில் சோதித்தபோது அதன் காலம் கி.மு. 785 என்று தெரிந்தது. கரித்துண்டுக்கு மதிப்பேது? எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்று எழுதிவைத்தார்களே, அதுதான் மதிப்பு. 2021-இல் அத்துறையினர் மீண்டும் அங்கே அகழ்ந்தார்கள். மண்ணுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் ஆளுக்கொரு துண்டாக எடுத்துச் சென்றால், நாளை அகழ்பவருக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே, கொற்கைக்குப் போங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். நாட்குறிப்பும் பென்சிலும் கொண்டுபோங்கள்; ஓடோ சிப்பியோ கண்டால் வரைந்துகொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். அருகிலுள்ள ஊருக்கு அக்கசாலை என்று பெயர். பொன்னும் நாணயமும் செய்யும் இடத்தை அச்சொல் குறிக்கும். கல்வெட்டுக்கு நிகரானது ஊர்ப்பெயர். மாலையில் புன்னைக்காயலுக்குச் சென்று, ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். வண்டல் கலந்த நீர் கடலுக்குள் இறங்குவதைக் காண்பீர்கள். ஆறு தன் வேலையை இன்றும் நிறுத்தவில்லை.

அந்தச் சங்குத் துண்டு இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. இப்பொழுது அதை நான் யாருக்கும் பெருமையாகக் காட்டுவதில்லை. கொற்கைக்குப் புறப்படும் மாணவர்களுக்கு மட்டும் காட்டுகிறேன்.