புட்டி கழுவும் கல்வி



"புட்டி கழுவுவதைப் பற்றியும் ஒரு சொற்பொழிவா?" என்று உங்களுள் சிலர் நகைக்கக் கூடும். ஆசிரியப் பணியேற்ற புதிதில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எவ்வளவு பேதைமையானது என்பதை ஒரு சிறுவன் எனக்குக் கற்பித்தான்.

நான் வாழ்வது சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மாரமங்கலம். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் பலாவும் விளையும் மலை இது. பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியின் ஆண்டு விழாவிற்காக, மாணவரைக் கொண்டு ஆரஞ்சுப் பழரசம் செய்வித்தேன். சாற்றைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடித்துப் புட்டிகளில் நிரப்பினோம். செலவைக் குறைக்கக் கருதிச் சர்க்கரையைச் சற்றுக் குறைத்தோம்; கெடாமல் காக்கும் மருந்தும் சேர்த்தோமில்லை. ஒரு வாரம் கழிந்தது. இரவில் இரண்டு புட்டிகளின் தக்கைகள் வெடியோசையுடன் தெறித்து விழுந்தன. அறை முழுவதும் கள்ளின் நெடி!

புட்டிகளைக் கழுவியவன் மலைக்குடியைச் சேர்ந்த ஒரு மாணவன். "அவன் ஏதோ கலந்திருக்கிறான்" என்று யாரோ சொன்னார்கள். நானும் ஆராயாமல் அதனை நம்பினேன். "ஐயா, நான் நன்றாகத்தான் கழுவினேன்" என்று அவன் சொல்லியதைச் செவியில் ஏற்காமல், அவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அறிவியல் ஆசிரியன். சோதித்துப் பாராமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று நாள்தோறும் கற்பிப்பவன். அப்போது பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வரலாறு நினைவிற்கு வந்தது. 1856-இல், லீல் நகரில், பீட்கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைக்காரர் ஒருவர், தம் தொட்டிகள் புளித்துப் போவதன் காரணத்தை ஆராய்ந்து சொல்லுமாறு அவரை வேண்டினார். பாஸ்டர் எவரையும் குற்றம் சாட்டவில்லை, உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டார். நல்ல தொட்டியில் உருண்டை வடிவான ஈஸ்ட் உயிரணுக்களும், கெட்ட தொட்டியில் கோல் வடிவான நுண்ணுயிர்களும் காணப்பட்டன. அழைக்கப்படாத விருந்தினரே கேட்டிற்குக் காரணம். திராட்சை மதுவின் நோய்களைப் பற்றி 1866-இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார்.

நானும் ஒரு சிறு சோதனை செய்தேன். நான்கு புட்டிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்தேன். காய்ச்சிய ஒரே சாற்றை நான்கிலும் நிரப்பினேன். இரண்டிற்குக் கொதிக்கவைத்த தக்கைகள். மற்ற இரண்டிற்கு நானே சிக்கனம் கருதி வாங்கி வந்திருந்த, நீரில் அலசிய பழைய தக்கைகள். பத்து நாட்களில் பழைய தக்கையிட்ட இரண்டும் நுரைத்தன. ஏனைய இரண்டும் தெளிவாக இருந்தன. குற்றவாளி தக்கை, அதனை வாங்கி வந்தவன் நான்! தக்கையின் நுண்துளைகளில் ஈஸ்ட் ஒளிந்திருந்தது. அலசிய நீர் அங்கே எட்டவில்லை.

அச்சிறுவனின் இல்லம் சென்று அழைத்து வந்து, வகுப்பின் முன்னிலையில் அவனிடம் பொறுத்தருளுமாறு வேண்டினேன். அவன் தலை குனிந்து, "பரவாயில்லை ஐயா" என்றான். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

இனி, அன்று கற்ற பாடத்தைக் கூறுகிறேன். அழுக்கு நீக்குதல் வேறு. கிருமி நீக்குதல் வேறு. முன்னது முடிந்த பின்னரே பின்னது பயன் தரும். ஏனெனில் அழுக்கின் அடியில் கிருமி பதுங்கிக்கொள்கிறது. ஆதலின் முதலில் சலவைச் சோடா கலந்த வெந்நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். மணலிட்டுக் குலுக்காதீர்கள்; கண்ணாடியில் விழும் கீறல் கிருமிக்கு வீடாகும்.

பின்னர்ப் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, புட்டிகளைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றுங்கள். கொதிநீரில் திடீரென இட்டால் கண்ணாடி விரிசல் காணும். சமவெளியில் பத்து நிமிடங்கள் கொதித்தல் போதும். ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவாதலால் இங்கு நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே இங்கே பதினைந்து நிமிடங்கள் வேண்டும். புனல், வடிதுணி, கரண்டி, குழாய், தக்கை ஆகிய அனைத்திற்கும் இவ்விதி பொருந்தும். எடுத்த புட்டியின் உட்புறத்தைத் துணியால் துடைக்கலாகாது. கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள்.

ஆரஞ்சு ஸ்குவாஷ் ஒரு லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பது வழக்கம். ஆயினும் மருந்து தூய்மைக்குத் துணையேயன்றி, அதற்கு மாற்று அன்று.

மது செய்ய அனுமதியுள்ள நாடுகளிலும், இல்லத்தில் திராட்சை மது செய்வோர் இவ்வாறே உழைக்கின்றனர். அவர்களுக்கு ஈஸ்ட் வேண்டும். மதுவைக் காடியாக்கும் நுண்ணுயிர் வேண்டா. நமக்கோ இரண்டுமே வேண்டா. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக, 1937 அக்டோபர் முதல் நாளன்று, இராஜாஜியின் ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்திலேதான். அத்தகைய மாவட்டத்தில் பள்ளிப் புட்டியிலிருந்து கள் நெடி எழுந்தால், பழி யார் தலையில் விழும் என்பதை நான் கண்டுவிட்டேன்.

மாணவர்களே! கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றுவதெல்லாம் தூய்மையன்று. குற்றவாளியாகத் தோன்றுபவரெல்லாம் குற்றவாளியும் அல்லர். புட்டியை நிரப்பும் முன் தக்கையைப் பாருங்கள். பிறர்மீது பழி சொல்லும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்.