பொருள்வயிற் பிரிவும் கனடிய அனுபவமும்



பொருள்வயிற் பிரிவைப் பாடிய பாலைத்திணைப் புலவர்கள் வழியின் வெம்மையையும் இல்லிருப்போரின் ஆற்றாமையையும் விரித்துரைத்தனர். சென்றவிடத்துத் தலைவன் பெற்ற ஊதியம் எவ்வளவு என்பதை அவர்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோ சேரும் பொறியாளரின் பாலை அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

கனடா 1967 இல் புள்ளி முறையைக் கொணர்ந்தது. கூட்டரசின் திறன்தொழிலாளர் தேர்வில், ஆறாண்டோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு அவ்வனுபவத்தின்பொருட்டு 100க்கு 15 புள்ளிகள் உண்டு. வாயிலில் மதிப்புப் பெற்ற அதே ஆண்டுகள் வேலை தருவோர் மேசையில் சுழியமாகின்றன. 'கனடிய அனுபவம் உண்டா?' நேற்று வந்திறங்கியவர் என்ன விடை சொல்வார்? வீட்டு வாடகைக்காகக் கிடங்கொன்றில் இரவு வேலை கொள்கிறார். மூன்றாண்டு கழிந்தபின் அவருடைய தற்குறிப்பில், பாலங் கட்டிய பத்தாண்டுக்கு மேலே பெட்டி அடுக்கிய மூன்றாண்டு நிற்கிறது. அடுத்த சம்பளம் பின்னதைக் கொண்டே பேசப்படுகிறது. அயல்நாட்டு அனுபவத்தின் ஊதியப் பயன் தேய்ந்து வந்தமையை அய்தெமிர், ஸ்குடெருட் ஆகியோரின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

அந்நிபந்தனையை வற்புறுத்துவது பாகுபாடே என ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013 இல் உரைத்தது. அம்மாகாணத்தில் பொறியாளர் உரிமத்துக்கு வேண்டப்பட்ட ஓராண்டுக் கனடிய அனுபவம் 2023 இல் நீக்கப்பட்டது. 2024 இல் இயற்றிய சட்டம், 25 பேருக்குக் குறையாது பணியமர்த்தியோர் தம் விளம்பரத்தில் அச்சொல்லை 2026 சனவரி 1 முதல் எழுதலாகாது என்றது; பொதுவாகச் சம்பள வரம்பையும் அதில் காட்டல் வேண்டும். காலங் கடந்தாயினும் நல்ல விதியே. ஆயினும் அவ்வரம்பின் எந்தப் படியில் புதியவரை நிறுத்துவது என்பது வேலை தருவோர் கையிலேயே விடப்பட்டுள்ளது.