லேத் ஒன்று, பெயர் மூன்று

(பெங்களூரு பீணியா வட்டாரத் தமிழ்த் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசுக் கொள்முதலில் சிறுதொழில்களின் வகைப்பாடு என்று இந்த வகுப்புக்குத் தலைப்பு அறிவிக்கப்பட்டதும், "இது முதலாளிகள் சங்கத்தில் பேச வேண்டியதல்லவா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை சொல்வதற்கு முன் ஒரு பட்டறையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் பெயரும் பொருள் வாங்கிய நிறுவனத்தின் பெயரும் நமக்கு வேண்டாம்.

மூன்று லேத், ஒரு மில்லிங் எந்திரம், பதினோரு தொழிலாளர்கள். உரிமையாளரும் ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர்தான். ஒரு பொதுத்துறை நிறுவனம் எஃகு புஷ்கள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. இவர் விலை குறித்து அனுப்பினார். குறுந்தொழில் என்பதால் முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை என்ற விதியை நம்பி அதைக் கட்டவில்லை. விலை உறையைத் திறப்பதற்கு முன்பே இவருடைய மனு தள்ளப்பட்டது. காரணம்: "உங்கள் உத்யம் சான்றிதழில் முதன்மைச் செயல்பாடு 'சேவை' என்று இருக்கிறது. நாங்கள் வாங்குவதோ பொருள். விலக்கு உற்பத்தியாளருக்கு மட்டுமே." அடுத்த மாதம் நான்கு பேருக்கு வேலையில்லை என்று சொல்லப்பட்டது. அந்த நால்வரில் ஒருவர் நம் கிளைத் தோழர்.

பட்டறைக்காரர் ஏன் 'சேவை' என்று பதிந்தார்? பல ஆண்டுகளாக அவர் செய்துவந்தது ஜாப் ஒர்க். பெரிய நிறுவனம் இரும்பைக் கொடுக்கும். இவர் கடைந்து திருப்பித் தருவார். ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, பிறருக்குச் சொந்தமான பொருளின்மீது செய்யப்படும் எந்தச் செயல்முறையும் சேவை. அவருடைய பில்லில் பல ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தது. ஆகவே உத்யம் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கணினி மையத்து இளைஞரும் சேவை என்றே குறித்துவிட்டார். பொய் சொல்லவில்லை.

இப்போது ஒன்றிய அரசின் இன்னொரு புத்தகத்தைத் திறப்போம். தேசியத் தொழில் வகைப்பாடு, 2008. ஐ.நா.வின் சர்வதேச வகைப்பாட்டைத் தழுவி, ஐந்து இலக்கக் குறியீடுகளால் நாட்டின் எல்லாத் தொழில்களுக்கும் பெயர் வைத்திருக்கும் புத்தகம் அது. அதில் உலோகத்தைக் கடைவதும், மேற்பூச்சு இடுவதும் 2592 என்ற வகுப்பில் வருகின்றன. அந்த வகுப்பு இருப்பதோ உற்பத்திப் பிரிவில். எந்திரங்களைப் பழுதுபார்ப்பதுகூட அங்கே உற்பத்திப் பிரிவில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் தாராளமாக இருந்தது: ஒரு பொருளைச் செய்வது மட்டுமல்ல, மாற்றுவது, பழுதுபார்ப்பது, மெருகேற்றுவது, கழுவுவது, பொதிவது எல்லாமே உற்பத்திச் செயல்முறை. ஆக, அதே லேத், அதே தொழிலாளி, அதே எட்டு மணி நேரம். வரிச் சட்டத்தில் சேவை; புள்ளியியல் புத்தகத்தில் உற்பத்தி; கொள்முதல் அதிகாரியின் மேசையில் அவர் எதைப் பார்க்கிறாரோ அது.

(நான் மொழிபெயர்ப்பாளன். கட்சி ஆவணம் ஒன்றில் 'கடைசல் எந்திரம்' என்று எழுதியதற்கு, "லேத் என்று எழுதினால் எங்களுக்குப் புரியாதா?" என்று இதே பீணியாவில் கண்டிக்கப்பட்டவன். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு அன்றுமுதல் நான் வாதாடுவதில்லை.)

இந்தப் பெயர்களின் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ், 2012 ஏப்ரல் முதல் பொதுக் கொள்முதல் கொள்கை ஒன்று நடைமுறையில் உள்ளது. ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம். 2019 ஏப்ரலில் அது 25 சதவீதமானது. 358 பொருள்களை இவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். மற்றவற்றில், மிகக் குறைந்த விலை 100 ரூபாய் என்றால், 115 ரூபாய் வரை கேட்ட சிறுதொழிலுக்கு, அந்த 100 ரூபாய்க்கே தர ஒப்புக்கொண்டால், 25 சதவீத அளவு தரப்பட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம் என்று உள் ஒதுக்கீடும் உண்டு. அந்த 4 சதவீதம் பல ஆண்டுகளாக எட்டப்படாமலே கிடக்கிறது என்பது தனி வகுப்புக்கு உரிய பொருள்.

இவ்வளவும் கிடைக்க மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். நீ குறுந்தொழிலா, சிறுதொழிலா என்பது முதலாவது. நீ செய்வது உற்பத்தியா, சேவையா, வணிகமா என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: நாங்கள் வாங்குவது பொருளா, சேவையா, அல்லது 'பணியா'?

மூன்றாம் வாசலில்தான் பெரும் வித்தை நடக்கிறது. ஒர்க்ஸ் காண்ட்ராக்ட் எனப்படும் பணி ஒப்பந்தத்துக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்பது அமைச்சகத்தின் நிலைப்பாடு. பணி ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றமும் 2017இல் கூறியது. வாதம் இதுதான்: பொருள் தனியாக, சேவை தனியாக இருந்தால் சட்டம் தொடும், இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால் தொடாது. ஆனால் அதே பணி ஒப்பந்தம் ஜிஎஸ்டி சட்டத்தில் என்ன? சேவை! வரி வாங்கும்போது சேவை. சலுகை கொடுக்கும்போது சேவை அல்ல. இதைத் தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தவறு மொழிபெயர்ப்பில் இல்லை.

விளைவு என்ன? மின்பலகை வாங்குவதை ஒரு ஒப்பந்தப்புள்ளியாகவும், அதைப் பொருத்துவதை இன்னொன்றாகவும் கோரினால் சிறு பட்டறைக்கு இடமுண்டு. வாங்குதல், பொருத்துதல், ஐந்தாண்டுப் பராமரிப்பு மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி 'பணி' என்று தலைப்பிட்டால் இடமில்லை. கட்டுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கும் இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டலாமா என்று தீர்மானிப்பவரும், தலைப்பிடுபவரும் ஒரே அதிகாரி. அவரைக் கேள்வி கேட்க அமைப்பு ஏது?

முதலாளித்துவத்தின் தலைநகரான அமெரிக்காவை இங்கே ஒப்பிட வேண்டியிருக்கிறது. அங்கும் ஒன்றிய அரசின் நேரடி ஒப்பந்த மதிப்பில் 23 சதவீதம் சிறுதொழில்களுக்குப் போக வேண்டும் என்ற இலக்கு உண்டு. ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளிக்கும் அதிகாரி ஒரு ஆறு இலக்கத் தொழில் குறியீட்டைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குறியீடுதான் யார் சிறியவர் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு ராணுவ முகாமைப் பராமரிக்கும் பணியைத் துப்புரவுப் பணி என்று குறித்தால், சராசரி ஆண்டு வருவாய் 2.2 கோடி டாலர் வரை உள்ள நிறுவனம் சிறியது. அதையே வளாக மேலாண்மை என்று குறித்தால் வரம்பு 4.7 கோடி டாலர். ஒரு சொல் மாறினால் இரண்டு மடங்கு பெரிய நிறுவனம் 'சிறிய' நிறுவனமாகி உள்ளே நுழைகிறது. ஆகவே சண்டை கடுமையாக நடக்கிறது. ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு களம் இருக்கிறது. குறியீடு தவறென்று கருதும் நிறுவனம், அறிவிப்பு வெளியான பத்து நாள்களுக்குள், சிறுதொழில் நிர்வாகத்தின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே ஒரு நீதிபதி காரணம் எழுதித் தீர்ப்பளிக்கிறார்.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடிந்தவருக்கே பத்து நாள்கள் போதும். அங்கும் 'சிறிய' என்பதன் வரம்புகள் உயர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் நமக்கு அதுவும் இல்லை. உத்யம் பதிவில் பிழையென்று புகார் வந்தால் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் விசாரிப்பார். அது நிறுவனத்தைப் பற்றியது. ஒப்பந்தப்புள்ளியின் வகையைப் பற்றி முறையிட்டால், அமைச்சகத்தின் குறைதீர் பிரிவு அதை வாங்கும் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோகும். தீர்ப்பளிக்காது. மிச்சம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பதினோரு பேர் வேலை பார்க்கும் பட்டறை ரிட் மனு போடுமா?

இரண்டாம் வாசலில் ஒரு விஷயத்தில் அரசின் நிலையை ஆதரிக்கிறேன். இது தோழர்கள் சிலருக்கு உவப்பாக இராது. சில்லறை, மொத்த வணிகர்கள் 2017இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜூலையில் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். கொள்முதல் சலுகைக்கு அல்ல. அது சரி. வணிகருக்கும் சலுகை உண்டென்றால், பெரிய ஆலையின் சரக்கு நாளையே ஒரு சிறு கடையின் பில்லில் வரும். அமெரிக்காவிலும் ஒதுக்கப்பட்ட ஒப்பந்தத்தில் பொருள் விற்கும் சிறு வணிகர், பொதுவாக இன்னொரு சிறு உற்பத்தியாளரின் பொருளைத்தான் தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உற்பத்தியாளர் யார் என்று கண்டறிவதில்தான் தவறுகிறோம். பட்டறைக்குள் போய் லேத்தைப் பார்க்காமல் சான்றிதழில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் பார்க்கிறோம்.

முதல் வாசலுக்கு வருவோம். 2006இல் உற்பத்தியில் சிறுதொழில் என்பதன் உச்சவரம்பு எந்திர முதலீடு 5 கோடி ரூபாய். 2020 ஜூலையில் முதலீடு 10 கோடி, விற்றுமுதல் 50 கோடி. 2025 ஏப்ரல் முதல் முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி. விலைவாசி ஏறியது உண்மை. இருபது ஆண்டுக்கு முந்தைய வரம்பு அப்படியே இருக்க முடியாது. ஆனால் 25 சதவீத ஒதுக்கீடு குறுவுக்கும் சிறுவுக்கும் பொதுவானது. குறுந்தொழிலுக்கென்று தனி அளவு இல்லை. மூன்று லேத் பட்டறையும் 100 கோடி விற்றுமுதல் நிறுவனமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வரம்பு உயர்ந்ததில் சிறியவர் வளர்ந்தாரா, வளர்ந்தவர் சிறியவரானாரா?

இன்னொரு பழைய செய்தி. ஒரே உரிமையாளரின் பல நிறுவனங்களின் முதலீட்டைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று 1993 ஜனவரியில் ஓர் அறிவிக்கை வந்தது. அது 2009 பிப்ரவரியில் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. இன்று ஒரே பான் எண்ணின்கீழ் உள்ள கிளைகள் மட்டுமே ஒன்றாகக் கணக்கிடப்படுகின்றன. தம்பி பெயரில், மனைவி பெயரில், மூன்று பான் எண்ணில் மூன்று நிறுவனங்கள் என்றால் மூன்றும் சிறுதொழில். அமெரிக்க விதியில் கட்டுப்பாடு யார் கையில் என்று தேடிச் சேர்க்கிறார்கள். நாம் எண்ணைப் பார்த்துச் சேர்க்கிறோம்.

1967இல் 47 பொருள்களோடு தொடங்கிய உற்பத்தி ஒதுக்கீடு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். பல நூறாக வளர்ந்து, தாராளமயத்துக்குப் பின் தேய்ந்து, தீப்பெட்டி, பட்டாசு, ஊறுகாய், பூட்டு உள்ளிட்ட கடைசி 20 பொருள்களும் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன. உற்பத்தியில் ஒதுக்கீடு போய்விட்டது. கொள்முதலில் மட்டும்தான் மிச்சம். அந்த மிச்சத்தையும் வகைப்பாட்டால் கரைக்க முடியும்.

இனி முதலில் கேட்ட தோழரின் கேள்விக்கு வருகிறேன். சிறு முதலாளியின் குறியீட்டுக்காகத் தொழிலாளி வர்க்கக் கட்சி ஏன் கவலைப்பட வேண்டும்? அந்தப் பட்டறைக்காரர் ஒன்றும் புனிதர் அல்லர். மிகைநேர வேலைக்கு இரட்டை ஊதியம் கொடுத்தவர் அல்லர். தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் என்று வரம்பு வைத்தது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 20, 40 என்று உயர்த்தியது. பதினோரு பேர் வேலை செய்யும் இவருடைய பட்டறை பழைய சட்டத்தில் தொழிற்சாலை, புதியதில் தொழிற்சாலை அல்ல. இதுவும் வகைப்பாடுதான். தொழிற்சாலையே அல்ல என்று பெயர் வைத்துவிட்டால் தொழிற்சாலைக்கென்று உள்ள விதிகள் பொருந்தா. முதலாளிக்குப் பெயர் மாறினால் ஒப்பந்தம் போகிறது. தொழிலாளிக்குப் பெயர் மாறினால் உரிமை போகிறது. அந்த நான்கு பேருக்கு இரண்டும் சேர்ந்து போயின.

ஆகவே நாம் அவருக்காக அல்ல, அந்த நான்கு பேருக்காகப் பேச வேண்டும். குறுந்தொழிலுக்குத் தனி ஒதுக்கீடும், வகைப்பாட்டுத் தகராறுக்குக் காலவரம்புள்ள மேல்முறையீடும் கேட்போம். அதோடு, சலுகை பெறும் பட்டறை குறைந்தபட்ச ஊதியமும் ஈஎஸ்ஐயும் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதுவோம். இரண்டாவதை எழுதினால் சிறுதொழில் சங்கங்கள் நம்மோடு கையெழுத்திடத் தயங்கும். அந்தத் தயக்கத்தை எதிர்கொண்டுதான் ஆக வேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. உங்கள் பட்டறையின் உத்யம் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் எந்தக் குறியீடுகள் உள்ளன, முதன்மைச் செயல்பாடு என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கும் குறியீடு சேர்ப்பதற்கும் கட்டணம் இல்லை. நான் சொன்ன பட்டறைக்காரர் இப்போது 25920ஐச் சேர்த்துவிட்டார். நான்கு பேரில் இருவர் திரும்பியிருக்கிறார்கள். நம் கிளைத் தோழர் இன்னும் திரும்பவில்லை. அவர் ஒசூரில் தற்காலிக வேலையில் இருக்கிறார்.

கேள்விகளுக்கு வருவோம். மூன்றாம் வரிசைத் தோழர் நெடுநேரமாகக் கை உயர்த்தியபடி இருக்கிறார்.